டிஸ்சார்ஜ்: எதை வாங்கலாம், எதைத் தாண்டிப் போகலாம்

ஒரு குழுவின் நாற்பது வருஷத்துப் பாடல்களையும் கேட்டுவிட்டு, "முதல் மூன்று வருஷம் போதும், மிச்சத்தை விட்டுவிடு" என்று சொன்னால் பொதுவாக அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வேகமும் கோபமுமான பங்க் ராக் வாசிக்கிற இங்கிலாந்துக் குழுவான டிஸ்சார்ஜின் ரசிகர்கள் வரமாட்டார்கள். அவர்களே அதைத்தான் சொல்வார்கள். 1980 முதல் 1982 வரை இந்தக் குழு வெளியிட்டதை எல்லாம் வரிசையாக ஓடவிட்டால், ஒரு தமிழ்ப் படம் இடைவேளைக்கு வருவதற்குள் முடிந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர்கள் செய்ததை உலகம் இன்னும் நகலெடுத்துக்கொண்டிருக்கிறது.

நான் அந்த மூன்று வருஷக் கட்சிதான். ஆனாலும் மிச்சத்தையும் உட்கார்ந்து கேட்டேன். அதில் ஒரு பெரிய விபத்தும் இருக்கிறது, கடைசியில் ஒரு நல்ல ஆச்சரியமும் இருக்கிறது. எதற்குக் காசு கொடுக்கலாம், எதை யூடியூபில் ஒரு தடவை கேட்டு நகர்ந்துவிடலாம் என்று என் கணக்கைச் சொல்கிறேன்.

எனக்கு டிஸ்சார்ஜ் அறிமுகமானது அமெரிக்க மெட்டல் (கனமான ராக்) குழுவான மெட்டாலிகா வழியாக. 1998-இல் வந்த 'கராஜ் இன்க்.' தொகுப்பு, அவர்களுக்குப் பிடித்த மற்றவர்களின் பாட்டுகளை அவர்கள் வாசித்த தொகுப்பு. அதன் முதல் பாதி தொடங்குவதும் ஒரு டிஸ்சார்ஜ் பாட்டில், முடிவதும் ஒரு டிஸ்சார்ஜ் பாட்டில். தொடக்கப் பாட்டான 'ஃப்ரீ ஸ்பீச் ஃபார் தி டம்'மில் வரி என்று எதுவும் இல்லை. தலைப்பையே திரும்பத் திரும்பக் கத்துகிறார்கள், அவ்வளவுதான். ஏதோ பதிவில் கோளாறு போல என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மூலப் பாட்டைத் தேடிப் பிடித்துக் கேட்டால், அதிலும் அதேதான், இன்னும் மோசமான ஒலியில், இன்னும் வெறியோடு. மெட்டாலிகா வாசித்தது கனமாக, சுத்தமாக இருந்தது. மூலமோ யாரோ கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருவதுபோல் இருந்தது. அன்றிலிருந்து மெட்டாலிகா கேட்பது குறைந்துபோனது.

டிஸ்சார்ஜின் ஊர் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஆறு சிற்றூர்கள் சேர்ந்து உண்டான நகரம், பீங்கான் தொழிலுக்குப் பேர் போனது. மோட்டர்ஹெட் ராக் குழுவின் பாடகர் லெம்மி பிறந்தது அந்த ஆறில் ஒன்றான பர்ஸ்லெமில். பாப் பாடகர் ராபி வில்லியம்ஸும் இந்த நகரத்துக்காரர்தான், அதற்கு டிஸ்சார்ஜ் பொறுப்பாக முடியாது. 1977-இல் குழு தொடங்கியபோது அவர்களும் லண்டன் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் மாதிரி வாசித்துத் திரிந்த பையன்கள்தான். டெஸ் பாடினார், அவருடைய சகோதரர் போன்ஸ் கிதார். அப்புறம் ஆட்கள் மாறினார்கள். டெஸ் டிரம்ஸுக்கு நகர்ந்தார், கிதாரில் இருந்த ரெய்னி பேஸ் கிதாரை எடுத்துக்கொண்டார், பாட கால் என்ற புதிய ஆள் வந்தார். கால், போன்ஸ், ரெய்னி, டெஸ். இந்த நால்வர் கூடியதும் பழைய பாட்டுகளையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

பக்கத்திலேயே ஹான்லியில் மைக் ஸ்டோன் என்பவர் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். அவர் சொந்தமாகத் தொடங்கிய நிறுவனம் கிளே ரெக்கார்ட்ஸ். கிளே என்றால் களிமண், பீங்கான் ஊருக்குப் பொருத்தமான பேர். அதன் முதல் வெளியீடுதான் 1980-இல் வந்த 'ரியாலிடீஸ் ஆஃப் வார்', நாலு பாட்டு உள்ள ஏழு அங்குலத் தட்டு. அதே வருஷம் 'ஃபைட் பேக்', 'டீகண்ட்ரோல்' என்று இன்னும் இரண்டு. லண்டன் பெரிய நிறுவனங்கள் எதுவும் இதில் இல்லை. உள்ளூர்க் கடைக்காரரும் உள்ளூர்ப் பையன்களும் சேர்ந்து செய்த வேலை.

இனி டிரம்ஸ். நான் டிரம்ஸ் வாசிப்பவன். அக்கம்பக்கத்தாருக்குப் பயந்து வீட்டில் ரப்பர் பேட் மட்டும், எப்போதாவது வாடகை அறையில் நிஜ டிரம்ஸ். அதனால் இந்தப் பகுதி கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண பங்க் தாளம் எப்படி என்றால், காலில் ஒன்று, கையில் ஒன்று: டும் தக், டும் தக். ஓடுகிற தாளம். டெஸ் வாசித்தது வேறு. நாலு எண்ணிக்கையை எட்டு அரைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் எண்ணில் கால், இரண்டில் கை, இரண்டரையில் மறுபடி கால். மூன்றில் காலும் கையும் எதையும் தொடாது. மூன்றரையில் கால், நாலில் கை. வாயால் சொன்னால் 'டும்-தக்டும்-டும்தக்'. அந்த மூன்றாம் எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. தாளத்தின் பாதியில் காலடியில் படி இல்லாமல் போகிறது. உடல் முன்னால் சாய்கிறது, அடுத்த டும் வந்து பிடித்துக்கொள்கிறது. வலது கை மட்டும் சிம்பல் தகட்டில் எதையும் விடாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அது தடுமாறினால் எல்லாம் சரிந்துவிடும்.

மெதுவாக வாசித்தால் பத்து வயதுப் பிள்ளைகூட கற்றுக்கொள்ளலாம். டிஸ்சார்ஜ் வேகத்தில் இரண்டு நிமிடம் வாசித்துப் பாருங்கள். முன்னங்கை இறுகிவிடும், தோளைத் தூக்கத் தொடங்குவீர்கள், தூக்கியதும் வேகம் விழுந்துவிடும். பழகிய பிறகு தெரிந்தது, இறுக்கிப் பிடித்தால் இது வரவே வராது, குச்சியைக் கிட்டத்தட்ட விட்டுவிட வேண்டும். கேட்கிறவர்களுக்குக் கோபமாகத் தெரிகிற இந்த வாசிப்பை உள்ளே தளர்ந்த கையோடுதான் வாசிக்க முடிகிறது. இந்தத் தாளத்துக்கு இப்போது டி-பீட் என்றே பெயர். அந்த 'டி' டிஸ்சார்ஜின் முதல் எழுத்து. அமெரிக்க ராக் அண்ட் ரோல் கலைஞர் போ டிட்லியின் தாளத்துக்கு அப்புறம், ஒருவர் அல்லது ஒரு குழுவின் பேராலேயே ஒரு தாளம் ஊர் ஊராகப் புழங்குவது எனக்குத் தெரிந்து இதுதான்.

1981-இல் வந்த 'ஒய்' பன்னிரண்டு அங்குலத் தட்டு. அதன் அட்டையையும் பின்னட்டையையும் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கறுப்பு வெள்ளையில் போரில் இறந்தவர்களின் படங்கள். பங்க் அட்டைகளில் அதுவரை இருந்த நக்கல், வண்ணம், கத்தரித்து ஒட்டிய எழுத்து எதுவும் இல்லை. என்னிடம் இருப்பது பிற்கால மறுபதிப்பு. இணையத்தில் ஒரு கடையில் வாங்கினேன். தட்டு வளைந்து வந்தது, ஊசி கடல் அலையில் போகிற தோணிபோல ஏறி இறங்கியது. மாற்றித் தரக் கேட்டால் "ஊசிக்கு ஒன்றும் ஆகாது, ஓடும்" என்று பதில். ஓடத்தான் செய்தது. சொல்லப்போனால் இந்த ஒரு தட்டில் அது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை என்பதும் உண்மை. ஆனால் பழைய தட்டு வாங்குகிறவர்கள் படம் கேட்டு வாங்குங்கள்.

அதே வருஷம் 'நெவர் அகெய்ன்' தனித்தட்டு. அதற்குள் டெஸ் போய்விட்டார், பேம்பி என்பவர் வாசித்திருக்கிறார். அட்டையில் துப்பாக்கிக் கத்தியில் குத்தப்பட்ட வெள்ளைப் புறா. ஜெர்மன் கலைஞர் ஜான் ஹார்ட்ஃபீல்ட் 1932-இல் செய்த படத்தொகுப்பு அது, பின்னணியில் தெரிவது ஜெனீவாவின் உலக நாடுகள் சங்கக் கட்டடம். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முந்தைய வருஷத்துப் படத்தை, ஐம்பது வருஷம் கழித்து ஸ்டோக் பையன்கள் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். எழுத்தில் அவர்கள் சிக்கனம் பிடித்ததற்கு இந்த அட்டைகளும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். படம் பேசிவிட்டால் பாடகன் நாலு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கால் எழுதியது உண்மையிலேயே நாலு வரிதான். சில பாட்டில் மூன்று. அதே காலத்துக் கிராஸ் குழு போரை எதிர்த்துப் பக்கம் பக்கமாக எழுதியது, தட்டோடு அறிக்கை, விளக்கம், போஸ்டர் எல்லாம் வரும். கால் ஒரு காட்சியைச் சொல்வார். வானம் எரிகிறது, குழந்தை அழுகிறது, பிணங்கள் கிடக்கின்றன. திரும்ப அதையே சொல்வார். வாதம் கிடையாது, தீர்வு கிடையாது. இதை முட்டாள்தனம் என்று எழுதிய விமர்சகர்கள் உண்டு. அந்தக் காலத்து இங்கிலாந்தைத் தெரிந்துகொண்டு கேட்டால் அப்படித் தோன்றாது.

1980-இல் பிரிட்டிஷ் அரசு 'புரொடெக்ட் அண்ட் சர்வைவ்' என்று ஒரு கையேடு வெளியிட்டது. அணுகுண்டு விழுந்தால் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று படம் போட்டு விளக்குகிற கையேடு. கதவுகளைக் கழற்றி உள்சுவரில் சாய்த்து, மேலே மண் மூட்டைகளை அடுக்கி, அதற்குள் குடும்பத்தோடு ஒடுங்கிக்கொள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளையடியுங்கள். பதினாலு நாளுக்கு உணவும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். கடை விளம்பரம் எழுதுகிற அதே நிதானமான நடையில் இதெல்லாம் இருக்கிறது. அமெரிக்க க்ரூஸ் ஏவுகணைகள் இங்கிலாந்தின் கிரீன்ஹாம் காமன் விமானப்படைத் தளத்துக்கு வரப்போகின்றன என்று அறிவித்ததும் அதே வருஷம்தான். வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்ப்சன் அந்தத் தலைப்பைத் திருப்பிப் போட்டு 'புரொடெஸ்ட் அண்ட் சர்வைவ்' என்று பதில் பிரசுரம் எழுதினார். டிஸ்சார்ஜ் அந்தப் பேரை ஒரு பாட்டுக்கு வைத்துக்கொண்டது. அந்தப் பாட்டை 1991-இல் அமெரிக்காவின் ஆந்த்ராக்ஸ் மெட்டல் குழு மறுபடி வாசித்தது. கதவைச் சாய்த்து ஒளிந்துகொள் என்று அரசாங்கம் நிதானமாகச் சொல்கிற ஊரில், நாலு வரியைக் கத்திக்கொண்டிருப்பவன்தான் எனக்குப் புத்தி தெளிந்தவனாகப் படுகிறான்.

அந்தப் பாட்டு இருக்கும் தொகுப்புதான் 1982-இன் 'ஹியர் நத்திங் சீ நத்திங் சே நத்திங்'. ஒன்று மட்டும்தான் வாங்குவேன் என்றால் இதை வாங்குங்கள். 14 பாட்டு, 27 நிமிடம் சொச்சம். டிரம்ஸில் கேரி மலோனி, வாருக்கர்ஸ் குழுவிலிருந்து வந்தவர். டெஸ் அளவுக்கு முரடு கிடையாது, அதைவிட நேராக, கனமாக வாசிப்பார். ஆனால் இதில் ராஜா போன்ஸ்தான். முந்தைய தட்டுகளில் கிதார் ஒரு மெல்லிய ரம்பம் மாதிரி இருக்கும். இதில் சுவர். ஒரு கிதாரின் மேல் இன்னொரு கிதாரை அடுக்கிப் பதிந்ததாகத்தான் என் காதுக்குப் படுகிறது. பாட்டுக்கு நடுவே சின்னச் சின்ன சோலோக்கள் வரும், பத்து வினாடி இருக்கும், மோட்டர்ஹெட் வாடை அடிக்கும், சட்டென்று வெட்டிவிடுவார். மெட்டல்காரர்கள் இந்தத் தட்டை விழுந்து விழுந்து கேட்டதற்கு அந்தச் சத்தம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'தி பாசிபிலிட்டி ஆஃப் லைஃப்ஸ் டிஸ்ட்ரக்‌ஷன்'. கிதார் முதலில் தனியாக வரும், அப்புறம் டிரம்ஸ் விழும். அந்த விழுகிற இடத்தை மட்டும் பின்னோக்கி ஓட்டித் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அதற்கு அடுத்த பாட்டின் தலைப்பே ஒரு கேள்வி-பதில்: "குழந்தைகளையுமா?" "குழந்தைகளையும்தான்." 1968-இல் வியட்நாமின் மை லாய் கிராமத்தில் நடந்த படுகொலையைப் பற்றி, அதில் பங்கெடுத்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவரிடம் தொலைக்காட்சிப் பேட்டியில் கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும் அவை. போர் எதிர்ப்பாளர்கள் அதைப் போஸ்டராகவே அடித்தார்கள். டிஸ்சார்ஜ் அதைத் தலைப்பாக வைத்துவிட்டு வேறு விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் பாட்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. வேறு வேலை பார்த்துக்கொண்டு கேட்டால் எந்தப் பாட்டு எப்போது மாறியது என்றே தெரியாது. 27 நிமிடம்தான் என்பதால் பிழைத்தது. நாற்பது நிமிடம் ஆக்கியிருந்தால் நானே அணைத்திருப்பேன்.

அதே வருஷம் 'ஸ்டேட் வயலன்ஸ் ஸ்டேட் கண்ட்ரோல்' தனித்தட்டு. இது இல்லாமல் உங்கள் சேகரிப்பு முழுமையாகாது. அதற்குப் பிறகு போன்ஸ் விலகிப் போய் புரோக்கன் போன்ஸ் குழுவைத் தொடங்கினார், அதோடு பொற்காலம் முடிந்தது. 1983, 84-இல் வந்தவை மெதுவாகின்றன, மெட்டல் பக்கம் சாய்கின்றன. மெட்டாலிகா எடுத்த இரண்டாவது பாட்டான 'தி மோர் ஐ சீ' இந்தக் கட்டத்தில் வந்ததுதான். அது மட்டும் நல்ல பாட்டு. மற்றவற்றை அவசரமாகத் தேட வேண்டாம்.

இனி விபத்து. 1986, 'கிரேவ் நியூ வேர்ல்ட்'. தலைமுடியைப் பெருக்கி, கிளாம் மெட்டல் (பளபளப்பு வேஷம் போட்ட மெட்டல்) ஆசை பிடித்து, கால் உச்சஸ்தாயியில் கீச்சுக் குரலில் பாடுகிறார். நான் மிகைப்படுத்தவில்லை. வேறு ஏதோ தட்டு மாறி உறைக்குள் வந்துவிட்டது என்று நினைக்கிற அளவுக்கு இருக்கிறது. அந்தச் சமயம் நியூயார்க்கின் ரிட்ஸ் அரங்கில் இதை வாசிக்கப் போனார்கள். 'ஒய்'யையும் 'ஹியர் நத்திங்'கையும் எதிர்பார்த்து வந்த கூட்டம், கையில் கிடைத்ததையெல்லாம் மேடைமேல் எறிந்தது. அடுத்த வருஷம் குழுவும் கலைந்தது.

இந்தத் தட்டை இரண்டாவது, மூன்றாவது தடவையும் பொறுமையாகக் கேட்டேன். காரணம் இருக்கிறது. ஒரே தாளத்தை, ஒரே நாலு வரியை, ஒரே கறுப்பு வெள்ளையை ஆறு வருஷம் தொடர்ந்தவனுக்குச் சலிப்பு வரத்தானே செய்யும்? வேறு எதையாவது சேர்க்கத் தோன்றாதா? அந்தச் சலிப்பு எனக்குப் புரிகிறது. இசைதான் புரியவில்லை. டிஸ்சார்ஜின் பலமே அவர்கள் விலக்கி வைத்தவைதான்: மெட்டு, சேர்ந்திசை, கதை, நகைச்சுவை, சமாதானம். விலக்கியதை ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே கூட்டி வந்தால் மிஞ்சுவது ஊரில் இருக்கிற நூறு குழுக்களில் ஒன்று. 1991-இன் 'மாசக்கர் டிவைன்', 1993-இன் 'ஷூட்டின் அப் தி வேர்ல்ட்' இரண்டும் அதே ரகம். யூடியூபில் ஒரு தடவை போதும்.

வேடிக்கை என்னவென்றால், அவர்கள் விட்டுவிட்ட தாளத்தை அதற்குள் வெளிநாட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுவீடனில் ஆன்டி சைமெக்ஸ், பிறகு டிஸ்ஃபியர். ஜப்பானின் கோச்சி நகரில் டிஸ்குளோஸ். பேரிலேயே 'டிஸ்' ஒட்டிக்கொண்டு, அதே அட்டை, அதே நாலு வரி, அதே தாளம் என்று ஒரு பட்டாளமே கிளம்பியது. டிஸ்குளோஸ் கிதாரில் இரைச்சலை இன்னும் ஏற்றி, டிஸ்சார்ஜையே மென்மையாகக் காட்டிவிட்டது. சுவீடன்காரர்கள் வாசிப்பில் மூலத்தைவிடத் துல்லியம். ஆனாலும் டெஸ் 1980-இல் வாசித்ததில் இருக்கும் அந்தக் கொஞ்சம் தள்ளாட்டம், இப்போது விழுந்துவிடுவாரோ என்கிற பயம், நகலில் வருவதில்லை. துல்லியமாக வாசித்தால் அந்த மூன்றாம் எண் வெறும் இடைவெளியாகத்தான் நிற்கிறது.

2002-இல் பழைய நால்வரும் கூடி குழுவின் பேரிலேயே ஒரு தொகுப்பு போட்டார்கள். மரியாதையான வேலை. பிறகு கால் விலகி, வாருக்கர்ஸ் பாடகர் ரேட் வந்து, 2008-இல் 'டிஸென்சிட்டைஸ்'. பரவாயில்லை ரகம்.

நான் முதலில் சொன்ன ஆச்சரியம் 2016-இன் 'எண்ட் ஆஃப் டேஸ்'. ஐம்பதைத் தாண்டிய ஆட்கள், நியூக்ளியர் பிளாஸ்ட் என்கிற பெரிய மெட்டல் நிறுவனம், ஜே.ஜே. என்ற புதிய பாடகர். நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. டெஸ் இப்போது இரண்டாவது கிதார், டிரம்ஸில் டேவ் காஷன். இரண்டு கிதார் சேர்ந்ததில் அந்தப் பழைய சுவர் மேடையிலும் கிடைத்துவிடுகிறது. வரிகள் மறுபடி சுருங்கிவிட்டன, தாளம் திரும்பி வந்துவிட்டது. ஒலி மட்டும் கொஞ்சம் அதிகச் சுத்தம். ஒவ்வொரு அடியும் ஒரே அளவு, ஒரே எடை. டிரம்ஸ்காரனாக அது உறுத்துகிறது. ஆனால் பாதிப் பாட்டு தாண்டியதும் மறந்துவிடுகிறேன். 1982-க்குப் பிறகு அவர்கள் போட்டதில் இதுதான் சிறந்தது என்பேன். 2002 கட்சிக்காரர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

சரி, காசு விஷயம். பழைய கிளே தட்டுகளின் முதல் பதிப்பு கேட்டால் விலை கண்ணைக் கட்டும், தேவையும் இல்லை. தனித்தட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் தொகுப்பு வெளியீடுகள் இருக்கின்றன. 1984-இல் வந்த 'நெவர் அகெய்ன்' தொகுப்பின் மறுபதிப்போ, 1995-இன் 'கிளே பங்க் சிங்கிள்ஸ் கலெக்‌ஷன்' சிடியோ கிடைத்தால் விடாதீர்கள். அதோடு 'ஒய்', 'ஹியர் நத்திங்' இரண்டும் இருந்தால் வேலை முடிந்தது. நேரலைப் பதிவுகள் நிறையச் சுற்றுகின்றன, பெரும்பாலும் ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும், அவற்றுக்குச் செலவழிக்காதீர்கள். 'ஒய்'யை மட்டும் முடிந்தால் தட்டாகவே வாங்குங்கள். அந்த அட்டை கைப்பேசித் திரையில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. கேட்கும்போது சின்ன இயர்போன் வேண்டாம், கிதார் முழுக்கக் கீச்சென்று காதைக் குத்தும். கொஞ்சம் பேஸ் வருகிற ஸ்பீக்கரில், வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போடுங்கள்.